நாகலெட்சுமி வெட்டிய கிளை

நாகலெட்சுமியைப் பற்றிச் சொல்லப் போனால் முதலில் அவளுடைய வீட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவளிடமே கேட்டாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பாள். இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயா டவுனிலிருந்து மேலே ஏறுகிற பாதையில், தேயிலை மலையை ஒட்டிக் கட்டின புதுக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அதில் கடைசி வரிசையில், மண்மேட்டுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கிற நீலச் சுவர் வீடு அவளுடையது. பேச்சுக்கு அப்படிச் சொல்வதல்ல. ஏழு பேர்ச்சஸ் காணியும் அதன் மேல் நிற்கிற வீடும் அவள் பெயரிலும் புருஷன் மாயாண்டி பெயரிலும் எழுதியிருக்கிறது.

பிறந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டின ஒற்றை அறை வீட்டில். ஒரே காம்பராவில் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், மழை நாளில் கோழிகளும். கல்யாணமாகி வந்தது இன்னொரு லயத்தில் இன்னொரு காம்பராவுக்கு. பக்கத்துக் காம்பராவில் குழந்தை தும்மினால் இவள் இங்கிருந்தே "நூறு" என்பாள்; நடுவில் இருந்த சுவர் அவ்வளவுதான். கூரைத் தகரம் ஒழுகினால் தோட்டத்து ஆபீசில் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருந்து காத்திருந்து, கடைசியில் ஒழுகுகிற இடத்தில் சட்டி வைக்கப் பழகிவிடுவார்கள்.

அதனால் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். கொழுந்து மலையிலிருந்து வந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முகம் கழுவுவதற்கு முன்னால், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். சுவரில் எங்காவது கை வைத்துப் பார்ப்பாள். மாயாண்டி கேலி பண்ணுவான்.

"யாரும் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டாங்க புள்ள."

"தூக்கிட்டுப் போனா நீங்களா ஓடிப் போயி புடிக்கப் போறீங்க?"

வாய்க்கு வாய் பேசுவதில் அவளை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு முள் ஆடி நிற்கிறவரைக்கும் கண்ணை எடுக்க மாட்டாள். கங்காணிமார் அவள் கூடை வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மாயாண்டி வேறு மாதிரி. அதிகம் பேச மாட்டான். அவனுக்காக அவன் கத்தி பேசும். அவன் கவ்வாத்துக்காரன். சில வருஷங்களுக்கு ஒரு முறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவதற்குத்தான் கவ்வாத்து என்று பெயர். வெட்டினால்தான் செடி மறுபடி துளிர்க்கும். ஆனால் அந்த வெட்டு சாய்வாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். கொம்பு பிளந்தால் தண்ணீர் இறங்கிச் செடி செத்துப் போகும். மாயாண்டி ஒரு கொம்பில் இரண்டாவது தரம் கத்தி வைத்ததை யாரும் பார்த்ததில்லை. ஒரே வெட்டு. வெட்டின இடத்தைத் தடவிப் பார்த்தால் சிராய் தட்டாது. தீபாவளிக்கு இரண்டு வாய் உள்ளே போனதும், "என்னோட ஒரே வெட்டு" என்று ஆரம்பித்துவிடுவான். அவன் பெண்டாட்டியை விடக் கத்தியைத்தான் அதிகம் கவனிக்கிறான் என்று நாகலெட்சுமி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் ஒரு சவுக்கு மரம், சில்வர் ஓக் என்கிறார்களே அது. தேயிலைக்கு நிழலுக்காக எந்தக் காலத்திலோ நட்டது. குடியிருப்புக்காக நிலத்தைப் பிரித்தபோது இவர்கள் வேலிக்குள் வந்துவிட்டது. வந்த புதிதில் அதன் கிளைகள் கூரைக்கு எட்டாமல் இருந்தன. அப்புறம் ஒன்று எட்டிப் பார்த்தது. இன்னொன்று அதற்கும் மேலே கிளம்பி, படுக்கிற அறைக்கு நேர் மேலே கை நீட்டிக்கொண்டு நின்றது. காற்றடித்தால் கீழ்க்கிளை ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக் கூரையில் உரசும். அந்தச் சத்தம் கேட்டால் நாகலெட்சுமி விளக்கைப் போட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

பயப்படக் காரணம் இருந்தது. சவுக்குக் கிளை பார்க்கத்தான் திடகாத்திரம். பெருங்காற்றில் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். முந்தின வருஷம் வைகாசிக் காற்றில் பக்கத்து டிவிஷனில் ஒரு கிளை கூரையைப் பொத்துக்கொண்டு அடுப்படிக்குள்ளேயே இறங்கிவிட்டது. நல்ல காலம், ஆட்கள் மலையில் இருந்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் மறுபடி சொந்தக்காரர் காம்பராவில் ஒண்டிக்கொள்ளப் போனதை நாகலெட்சுமி கண்ணால் பார்த்தாள். பாயும் தலையணையும் சுமந்துகொண்டு மறுபடி லயத்துக்கு. அந்தக் காட்சி அவள் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. காற்று வருகிறதற்குள் இந்தக் கிளைகள் போக வேண்டும் என்று மாயாண்டியை நச்சரிக்க ஆரம்பித்தாள்.

"இதெல்லாம் ஒரு வேலையா? ஒரே வெட்டு" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணியைக் கொண்டுவந்து வைத்தான். எங்கே வைத்தான் என்கிறீர்கள்? வெட்டப் போகிற அதே கீழ்க்கிளையில் சாத்தி வைத்தான். காலமெல்லாம் முழங்கால் உயரச் செடியை வெட்டினவனுக்கு ஏணி பற்றிய யோசனை எங்கிருந்து வரும்? கவ்வாத்துக் கத்தியைப் பின்னிடுப்பில் செருகிக்கொண்டு ஏறினான். கிளை முன்னங்கைப் பருமன் இருந்தது. தேயிலையில் கத்தி கீழேயிருந்து மேலே போகும். குனிந்து நின்று இழுக்கிற வெட்டு அது. ஏணியில் நிற்கிறவனுக்கு அது வசப்படுமா? கத்தியைத் தலைக்கு மேலே ஓங்கி மேலேயிருந்து இறக்கினான். பாதி கிளை வெட்டுப்பட்டது. மீதிப் பாதியைக் கிளையின் பாரமே பிய்த்தது. நுனி கீழே சாய, பட்டை உரிந்துகொண்டே அடிமரத்தில் ஒரு ஆள் உயரத்துக்குக் கிழிந்து இறங்கியது. தொங்கின கிளை ஒரு சுழற்று சுழன்று ஏணியில் மோதியது. பாரம் போனதும் மிச்சக் கிளை மேலே எழும்ப, ஏணிக்குச் சாய இடம் இல்லாமல் போயிற்று.

மாயாண்டி மண்மேட்டில் விழுந்து உருண்டான். கத்தி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கணுக்கால் எலும்பு முறிந்தது. நாகலெட்சுமி கத்தின கத்தலில் குடியிருப்பே ஓடி வந்தது. அழுதுகொண்டே அவனைத் திட்டினாள், திட்டிக்கொண்டே அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து மாயாண்டி வாயைத் திறக்கவில்லை. கால் வலியை விட, பின்பக்கக் கதவைத் திறந்தால் கண்ணில் படுகிற அந்தக் கிழிசல்தான் அவனை வதைத்தது. மேல்கிளை அப்படியே இருந்தது. கீழ்க்கிளை போனதில் அதற்கு இன்னும் வசதியாகிவிட்டதுபோல் கூரைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

நாகலெட்சுமி என்ன செய்தாள்? லயத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் செய்கிறதையே செய்தாள். காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், வெளிக்கள உத்தியோகத்தர் கணேசமூர்த்தியிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அவள் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. மறுபடி சொன்னாள், மறுபடி காத்திருந்தாள். காற்று மாதம் நெருங்கிவிட்டது. மூன்றாம் முறை போனபோது அவள் குரல் உயர்ந்தேவிட்டது.

"ஐயா, கிளை கூரை மேல விழுந்த பொறகுதான் ஆளு அனுப்புவீங்களா?"

கணேசமூர்த்தி இந்தத் தடவை கேட்டார். "எந்த மரம்மா? வேலிக்கு உள்ளயா, வெளியயா?"

"உள்ளதான்."

"அப்ப அது தோட்டத்து மரம் இல்லையே. ஒங்க காணியில நிக்கிது. ஒங்க மரம். மரத்தையே சாய்க்கப் போறீங்கன்னா வந்து சொல்லுங்க, அதுக்கு வேற கேக்கணும். கிளைய வெட்டுறதுக்கு எங்கிட்ட ஏன் வர்றீங்க?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆள் தர மனசில்லை, அதற்கு ஒரு பேச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே கூடையைத் தூக்கினாள். கொழுந்து மலைக்கு ஏறுகிற பாதி வழியில்தான் அந்த வார்த்தை அவளுக்குள் இறங்கியது. நம்ம மரம். சின்ன வயதில் அவள் அம்மா விறகுக்காக ஒரு பச்சைக் கிளையில் கத்தி வைத்தபோது, காவல்காரன் கத்தியையும் கட்டின விறகையும் பிடுங்கிக்கொண்டு போனான். காய்ந்த சுள்ளி பொறுக்கலாம். நிற்கிற மரத்தில் கை வைத்தால் திருட்டு. வீடு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். மரமும் தன்னுடையதாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றினதே இல்லை. இத்தனை நாள் தன் மரத்தை வெட்ட அடுத்தவனிடம் ஆள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! பாதையில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். பின்னால் வந்த பெண்கள் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டைச் சுற்றி வந்தபோது மரத்தடியில் வெகுநேரம் நின்றாள். மாயாண்டி வெட்டின இடத்தையும் கிழிந்து இறங்கின பட்டையையும் பார்த்தாள். உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தாங்க, நாங்க பொம்பளைங்க வெறகுக்குப் பச்சக் கொம்ப ஒடிக்கிறப்ப என்ன செய்வோம் தெரியுமா? மொதல்ல அடிப்பக்கமா ஒரு கொத்து கொத்திக்குவோம். அப்பறம்தான் மேலருந்து அழுத்துவோம். அடியில கொத்தலன்னா பட்டை உரிஞ்சி நாரு நாரா வந்து கையில சுத்திக்கும்."

மாயாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பல நாளைக்குப் பிறகு வாயைத் திறந்து பேசினான்.

"தேயிலையிலயும் கத்தி கீழேருந்துதான் போவுது. மரத்துல ஏறுனதும் அத மறந்துட்டேன்."

"அப்ப நான் வெட்டுறேன்."

"நீயா?"

"ஏன், என் பேரும்தான எழுதியிருக்கு?"

அவன் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசினால் அவள் விடவா போகிறாள்? ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டான்: ஏணி வேண்டாம். அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். மரம் நிற்கிற மண்மேடு வீட்டுக் கூரை அளவுக்கு உயரம். மேட்டில் நின்றபடியே நீளக் கம்பில் கட்டின வாளால் எட்டலாம். மலை நாட்டில் வீடு கட்டினால் கிடைக்கிற வசதி இது ஒன்றுதான்.

அப்படியொரு வாள் டவுனில் முனாப் நானாவின் ஹாட்வெயார் கடையில் இருந்தது. விற்பனைக்கு அல்ல. தன் வீட்டுக் கராம்பு மரத்துக்காக அவர் வாங்கி வைத்தது. வேண்டிய உயரத்துக்கு நீட்டிக்கொள்ளலாம். நுனியில் அரிவாள்போல் வளைந்த வாள்.

"மாயாண்டிய அனுப்புறதுதானே தங்கச்சி?" என்றார் முனாப்.

"அவரு கால நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காரு நானா. வாளக் குடுங்க."

அவர் தயங்கினார். கொடுக்க மனசில்லாமல் அல்ல, பயத்தில். கடைசியில் கொடுத்தார், கூடவே புத்திமதியும். "கிளைக்கி நேர் கீழ நிக்கவே கூடா. பக்கவாட்டுல நில்லுங்க. விழுந்தா ஒதுங்கி ஓட எடம் பாத்து வெச்சிட்டுத்தான் வாள வைக்கணும். ஈரமா இருந்தா, காத்தடிச்சா, அன்னைக்கி வேலையே வாணாம். கரண்டுக் கம்பி கிட்ட இருக்கா?"

"கம்பி முன்பக்கம் நானா. மரத்துப் பக்கம் இருந்திருந்தா நான் இதத் தொட்டே இருக்க மாட்டேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. இலை அசையவில்லை. நாகலெட்சுமி மண்மேட்டில் மண்வெட்டியால் கால் வைக்கத் தட்டையாக ஓர் இடம் வெட்டினாள். அங்கிருந்து வழுக்காமல் ஒதுங்கிப் போக ஒரு பாதையும் வெட்டினாள். கொழும்பில் வேலை பார்க்கிற மகன் விட்டுப் போயிருந்த மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டாள். இடுப்பில் கொழுந்தெடுக்கும்போது கட்டுகிற சாக்குப் படங்கு. பக்கத்து வீட்டுச் சர்மிளா அவளைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, சந்திரனுக்கா போறீங்க?"

"சிரிச்சது போதும், கயித்தப் புடி."

சர்மிளாதான் கயிற்றுக்கு. அந்தக் கிளை முறிந்தால் அவள் வீட்டு அடுப்படிக்கும் சேதம்தான். வெட்டுகிற துண்டு கூரையில் விழாமல் இருக்க ஒரே வழி, அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு இறக்குவது. நாகலெட்சுமி கயிற்று நுனியில் கல்லைக் கட்டி, மேலே இருந்த ஒரு பலமான கவட்டைக்குள் எறிந்தாள். முதல் எறி தேயிலைக்குள் போயிற்று. அடுத்தது மாயாண்டியின் நாற்காலிக்குப் பக்கத்தில் விழுந்தது.

"ஏற்கனவே ஒரு காலுதான் இருக்கு புள்ள!" என்று கத்தினான் அவன். அவனை எட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அவ்வளவு நேரம் திறக்காமல் இருந்ததே பெரிய விஷயம். அதற்கடுத்த எறியில் கல் கவட்டையைத் தாண்டி விழுந்தது. தொரட்டிக் கம்பால் நுனியை இழுத்து, கிளையின் நுனிப்பக்கத்தில் ஒரு சுருக்குப் போட்டு இறுக்கினாள். மறு நுனியை வேலியோரத்து அடிக்கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிச் சர்மிளா பிடித்துக்கொண்டாள்.

முதல் துண்டே அவளைச் சோதித்தது. அடிப்பக்கம் வாளை வைத்து அறுத்தாள், அறுத்தாள், ஆசை தீர அறுத்தாள். பாதிக்கு மேல் போனதும் கிளையின் பாரம் இறங்கி வாளைக் கவ்விக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. மாயாண்டி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். அவள் கம்பை விட்டுவிடவில்லை, பலங்கொண்ட மட்டும் இழுக்கவும் இல்லை. சர்மிளாவைக் கயிற்றை இறுக்கச் சொன்னாள். கிளை ஒரு மயிரிழை மேலே எழும்பியது. வாள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அடி வெட்டு கொஞ்சம் போதும் என்று அப்போது தெரிந்துகொண்டாள். பட்டையும் அதற்கு அப்பால் சிறிது மரமும் அறுபட்டால் சரி.

அப்புறம் மேல்வெட்டு. அடி வெட்டுக்குக் கொஞ்சம் நுனிப் பக்கமாகத் தள்ளி வாளை வைத்தாள். தூள் ஹெல்மெட்டில் கொட்டியது. டக்கென்று ஒரு சத்தம். துண்டு முறிந்து, கூரையைத் தொடாமல், கயிற்றில் ஆடிக்கொண்டு நின்றது. பட்டை ஒரு நார்கூட உரியவில்லை. சர்மிளா கயிற்றை மெல்ல மெல்ல விட, அது தொட்டில் பிள்ளைபோல் வந்து தரையில் படுத்தது.

சர்மிளா கூவினாள். நாகலெட்சுமி கூவவில்லை. தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். கொழுந்துக் கறை ஏறி வெடித்த அதே கைதான்.

நுனியிலிருந்து உள்ளே வந்தாள். சின்னச் சின்னத் துண்டாகவே எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் கயிறு, அடி வெட்டு, மேல்வெட்டு. அவசரப்பட ஆசையாக இருந்தது. கூரைக்கு மேலே வானம் தெரியத் தெரிய இன்னும் ஆசை கூடியது. தலைக்கு மேலே கம்பைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. அப்போது மாயாண்டி, இந்தத் தடவை கத்தாமல், சொன்னான்.

"கை நடுங்குது ஒனக்கு. கீழ வை. கை நடுங்குறப்ப வெட்டுறவன் கவ்வாத்துக்காரன் இல்ல."

அவன் சொன்னதற்கு உடனே கட்டுப்பட்டது கல்யாணமாகி அதுதான் முதல் தடவையாக இருக்கும். கம்பைக் கீழே வைத்து, தண்ணீர் குடித்து, சாய்ந்து உட்கார்ந்து, கை அடங்கின பிறகுதான் மறுபடி எழுந்தாள்.

கடைசியில் மரத்தோடு ஒட்டின கட்டை மட்டும் மிஞ்சியது. அது கிளம்புகிற இடத்தில் கழுத்து மாதிரி ஒரு தடிப்பு. அந்தத் தடிப்பை வெட்டினால் மரத்துக்குப் புண் ஆறாது. விட்டு எட்டத்தில் வெட்டினால் மிஞ்சின குச்சி அழுகிப் போகும். தேயிலைக் கொம்பிலும் அப்படித்தான் என்று மாயாண்டி கையால் காட்டினான். அவள் தடிப்பை ஒட்டி, அதைத் தொடாமல், சாய்வாக அறுத்தாள். கட்டை விழுந்தது. வெட்டின இடம் இட்லித் தட்டுபோல் வட்டமாக, வெளேரென்று இருந்தது.

மரத்தின் உச்சியில் இன்னொரு கிளை வேறு பக்கமாக நீண்டிருந்தது. சூட்டோடு சூடாக அதையும் எடுத்துவிடலாமே என்றாள் சர்மிளா.

"என் கம்பு அங்க எட்டாது. எட்டாததுக்கு நான் ஏற மாட்டேன். அது கூரைக்கி வர்ற அன்னைக்கி கயிறு கட்டி ஏறுற ஆளக் கூப்புட்டுக்கலாம்."

முனாப் நானாவிடம் வாளைத் துடைத்து எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்து, கை கால் எல்லாம் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

காற்று வந்தது. ஒரு முற்பகல், மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, எதிர்மலையில் மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் குனிவதைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் நிற்க முடியவில்லை. கூடையைத் தலைக்கயிற்றோடு காற்று பிடுங்கியது. கங்காணி வேலையை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். நாகலெட்சுமி ஓடினாள். வெட்டினது போதுமா, எதையாவது விட்டுவிட்டேனா என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள். வளைவில் திரும்பினதும் நீலச் சுவர் தெரிந்தது. கூரை தெரிந்தது. மேலே சவுக்கு மரம் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அது ஆடின இடத்துக்கும் கூரைக்கும் நடுவில் வெறும் வானம். சீட்டில் கொஞ்சம் இலை விழுந்திருந்தது, அவ்வளவுதான். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த வீட்டைக் கொடுத்தது யாரோ, காப்பாற்றினது நான் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

மாவுக்கட்டுப் பிரிக்கிறதற்கு முன்னால் ஒரு நாள், கவ்வாத்துக் கூட்டத்து ஆட்கள் மாயாண்டியைப் பார்க்க வந்தார்கள். முன்னால் பொன்னையா, மாயாண்டிக்கு அடுத்த கத்தி அவனுடையது என்று பேர். பிஸ்கட் பெட்டியும் தோடம்பழமும் வாங்கி வந்திருந்தார்கள். நாகலெட்சுமி அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆண்கள் பின்பக்கத்தில் நின்று மரத்தைப் பார்த்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மரத்தில் இரண்டு வெட்டு. கீழே ஒன்று, அடிமரம்வரைக்கும் கிழிந்து கருத்துப் போய். மேலே ஒன்று, வட்டமாக, விளிம்பில் பட்டை தடித்து மூட ஆரம்பித்து.

"பாருங்கடா" என்றான் பொன்னையா, மேலே கை நீட்டி. "இதுதான் மாயாண்டிண்ணே வெட்டு. சொல்லணுமா? காலு ஒடைஞ்சாலும் கை தப்பல. ஆமா, கீழ உள்ளத யாருண்ணே கொத்துனது? கத்தி புடிக்கத் தெரியாத பய எவனையாச்சும் விட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நாகலெட்சுமி ஊற்றுவதை நிறுத்தினாள். மாயாண்டி விழுந்தான் என்றுதான் லயத்திலிருந்து வந்த இவர்களுக்குத் தெரியும். எதை வெட்டி விழுந்தான் என்று யாரும் கேட்கவில்லை. அவன் சும்மா சிரித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும், மேல்வெட்டு அவனுடையதாகிவிடும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் அந்த நொடியிலேயே முடிவு செய்தாள். அவனுக்கு இந்த ஆட்கள் நடுவில் இருக்கிற பேர் ஒன்றுதான் சொத்து. அதைப் பறிக்க அவளுக்கு மனசில்லை. வீட்டைக் காப்பாற்றினது யார் என்று அவளுக்குத் தெரியும், அது போதும். போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாலும் கண் ஏனோ கலங்கியது.

வெளியே சிரிப்பு அடங்கியது. மாயாண்டியின் குரல் கேட்டது.

"கீழ கிழிஞ்சி கெடக்கே, அது நான் வெட்டுனது."

எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

"ஏணிய வெட்டுற கிளையிலேயே சாத்தி, மேலருந்து ஒரே போடு போட்டேன். அதான் இந்தக் காலு. மேல உள்ளது என் பொண்டாட்டி வெட்டுனது. தரையில நின்னு, ஒத்த சீட்டு ஒடையாம." மேலே கை காட்டினான். "கிட்டப் போயி நல்லாப் பாருங்கடா. என்னால அப்பிடி வெட்ட ஏலல."

நாகலெட்சுமி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்தாள். அவள் வெளியே வந்தபோது கவ்வாத்துக்காரர்கள் எல்லோரும் மண்மேட்டில் ஏறி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொன்னையாதான் முதலில் திரும்பினான். சிரிப்பு இல்லை அவன் முகத்தில்.

"அக்கா, எப்பிடி வெட்டுனீங்க? கொஞ்சம் சொல்லுங்க."

நாகலெட்சுமி மாயாண்டியைப் பார்த்தாள். அவன் நாற்காலியில் சாய்ந்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, தீபாவளிக்கு மட்டும் வருகிற அந்தச் சிரிப்போடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தட்டைச் சர்மிளா வீட்டு மதில்மேல் வைத்துவிட்டு மேட்டில் ஏறினாள்.

"மொதல்ல அடியில" என்று ஆரம்பித்தாள்.